டியோவுக்கு ஹெவி ஸ்பிரிங்: ஒரு மறுப்பு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தக் கராஜுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "கிளச்சுக்கு ஹெவி ஸ்பிரிங் போடு மச்சான், டியோ பறக்கும்." சொல்பவர்கள் பையன்கள் மட்டுமல்ல. வருடக்கணக்காகச் சாவி பிடித்த பாஸ்மார் சொல்கிறார்கள். ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்கிறார். கைப்பேசியில் வீடியோ போடுகிறவர் சத்தியம் பண்ணிச் சொல்கிறார். அத்தனை பேர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிட்டது. உண்மையில் அது பிழை. கம்பனி எஞ்சின் அப்படியே இருக்கிற டியோ ஸ்கூட்டருக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடாது. கிளச் எரியும், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், ஓட்டுகிறவருக்கு ஆபத்து வரும்.

மறுக்கும் முன் அவர்களுடைய வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டரில் கியர் போடும் வேலை நமக்கில்லை. எஞ்சின் பக்கத்தில் விரிந்து சுருங்கும் கப்பியான வேரியேட்டர், அதற்குள் ஆறு ரோலர். அங்கிருந்து ஒரு றப்பர் பெல்ட் பின்னால் உள்ள கப்பிக்கு ஓடுகிறது. அந்தக் கப்பியோடு சுற்றுவதுதான் கிளச்: மூன்று ஷூ, அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் மூன்று சிறிய ஸ்பிரிங். கப்பி வேகமாகச் சுற்றும்போது ஷூக்கள் வெளியே விரிந்து, பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிளச் பெல்லை அமர்த்திப் பிடிக்கும், சக்கரம் உருளும். ஸ்பிரிங் கடுமையானால் ஷூ பிந்தித்தான் விரியும். அதற்குள் எஞ்சின் உயர்ந்த சுற்றுக்கு ஏறிவிடும். உயர்ந்த சுற்றில் எஞ்சினுக்கு வலு அதிகம். ஆகவே வண்டி வலுவோடு புறப்படும் என்பது அவர்களது வாதம்.

இதற்கு ஒரு பெரிய சாட்சியையும் கூட்டிவருகிறார்கள். அமெரிக்காவில் ட்ராக் ரேஸ் ஓடுகிறவர்கள், கால் மைல், அதாவது 402 மீற்றர் நேர்ப்பாதையில் ஓட்டோ கியர் காரோடு நிற்பவர்கள், எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கம்பனி டோர்க் கன்வெர்டரைக் கழற்றி எறிந்துவிட்டு 'ஹை ஸ்டோல்' கன்வெர்டர் பூட்டுகிறார்கள். அதுவும் எஞ்சினை உயர்ந்த சுற்றுக்கு ஏறவிட்டுப் பிறகு இழுக்கவைப்பதுதான். உலகத்தில் வேகத்துக்காகவே வாழ்கிறவர்கள் செய்வதை நாம் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. சிறிய எஞ்சின் தாழ்ந்த சுற்றில் பலவீனமானது, ஸ்பிரிங் கடுமையானால் கிளச் பிந்திப் பிடிக்கும், ட்ராக் ரேஸ்காரர் ஸ்டோலை உயர்த்துகிறார். மூன்றும் சரியான தகவல்கள். இவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் பிழை.

1. பெட்டியில் அச்சடித்திருப்பது யாருடைய எண்?

ஸ்பிரிங் பெட்டியின் மேல் 1,000, 1,500, 2,000 என்று ஆர்பிஎம் எழுதியிருக்கும். பெரிய எண்ணுக்குப் பெரிய மரியாதை. அந்த எண் எந்த எஞ்சினில், எவ்வளவு எடையுள்ள ஷூவில், பெல்ட் எந்த நிலையில் இருக்கும்போது அளந்தது என்று பெட்டி சொல்வதில்லை. ஷூ எந்தச் சுற்றில் விரியும் என்பதை ஸ்பிரிங் தனியாகத் தீர்மானிப்பதில்லை. ஷூவின் எடை, அது இருக்கும் ஆரம், பெல்ட்டின் அப்போதைய விகிதம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. தேய்ந்து எடை குறைந்த ஷூவில் அதே ஸ்பிரிங் வேறு சுற்றில் பிடிக்கும்.

அவர்கள் அழைத்துவந்த சாட்சியிடமே கேட்போம். டோர்க் கன்வெர்டரின் ஸ்டோல், அதாவது எஞ்சினை எந்தச் சுற்று வரை ஏறவிட்டு அது இழுக்கும் என்பதும், அந்த உருண்டைப் பெட்டிக்குள் பூட்டிவைத்த நிலையான எண் அல்ல. ஒரே கன்வெர்டரைப் பலமான எஞ்சினுக்குப் பின்னால் வைத்தால் ஸ்டோல் ஏறும், பலவீனமான எஞ்சினுக்குப் பின்னால் இறங்கும். எஞ்சினின் முறுக்கு விசை இரண்டு மடங்கானால் ஸ்டோல் ஏறக்குறைய 1.4 மடங்காகும். இதனால்தான் நல்ல கன்வெர்டர் செய்கிறவர்கள் வாங்க வருகிறவரிடம் காரின் எடை, டயரின் உயரம், பின் அச்சின் பல் விகிதம், கேம், கியர்பெட்டியின் வகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டே கன்வெர்டரைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் பெட்டிக்கு ஒரு கணக்கு, மூன்று கியர் பெட்டிக்கு இன்னொரு கணக்கு. எஞ்சினின் முறுக்கு விசை எங்கே உச்சத்துக்கு வருகிறதோ, அதை ஒட்டியே ஸ்டோலை வைக்கப் பார்க்கிறார்கள். வைக்கக்கூடிய ஆக உயர்ந்த இடத்தில் அவர்கள் வைப்பதில்லை.

டியோவின் எஞ்சின் 110 சிசி வகுப்பு. சுமார் எட்டுக் குதிரைவலு. முறுக்கு விசை ஒன்பது நியூட்டன் மீற்றர் அளவில். மாதிரிக்கு மாதிரி கொஞ்சம் மாறினாலும் அந்த உச்சம் 5,000 சுற்றை ஒட்டியே வருகிறது. அதற்கு மேலே ஏற ஏற முறுக்கு விசை இறங்கத்தான் செய்யும். அங்கே போய்க் கிளச்சைப் பிடிக்கவைத்தால் இழுப்பைத் தாண்டிப்போய்ப் புறப்படுகிறோம்.

2. கன்வெர்டர் வழுக்குவதும் கிளச் வழுக்குவதும் ஒன்றா?

முழு வாதமும் நொறுங்கும் இடம் இது. கன்வெர்டர் வழுக்கும்போது சும்மா வழுக்குவதில்லை. எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் எண்ணெயை டர்பைன் மேல் வீசுகிறது. டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்பும் எண்ணெயை நடுவிலுள்ள ஸ்டேட்டர் திசை மாற்றி, மீண்டும் இம்பெல்லருக்கு உதவும் பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது. விளைவு என்னவென்றால், கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிக் கியர்பெட்டிக்குள் போகிறது. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் காப்புரிமை எடுத்தபோது கப்பலின் டர்பைனையும் உந்துசுழலியையும் இணைப்பதற்காக யோசித்த ஏற்பாடு இது. 1948 மாதிரி பியூக் கார்களில் டைனாஃப்ளோ என்ற பெயரில் வந்தபோதும் சூத்திரம் இதுவே. வழுக்கலில் கொஞ்சம் சக்தி சூடாகப் போகிறது, பதிலுக்கு முறுக்கு விசை பெருகுகிறது.

டியோவின் கிளச்சில் ஸ்டேட்டர் எங்கே? மூன்று ஷூவும் ஒரு பெல்லும் உரசுகின்றன, அவ்வளவுதான். உள்ளே வரும் முறுக்கு விசைக்கு மேல் ஒரு துளியும் வெளியே போகாது. ஷூ வழுக்குகிற நேரமெல்லாம் சக்தி சூடாகப் போகிறது, பதிலுக்குப் பெருக்கம் எதுவும் வருவதில்லை. ட்ராக் ரேஸ்காரர் வழுக்கலைக் காசு கொடுத்து வாங்குகிறார், பொருளும் கைக்கு வருகிறது. நம்முடைய தம்பி அதே காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தவர் ட்ராக் ரேஸ் காரைச் சாட்சிக்கு அழைக்கவே மாட்டார்.

3. பிந்திப் பிடிக்கும் கிளச் பிறகாவது இறுக்கிப் பிடிக்குமா?

பிடிக்காது. பலர் இதைத் தலைகீழாக விளங்கியிருக்கிறார்கள். ஸ்பிரிங் கடுமையானால் பிடியும் கடுமையாகும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் வேலை ஷூவை உள்ளே இழுப்பது. ஷூவை வெளியே தள்ளுவது சுழற்சி. பெல்லை அமர்த்தும் விசை என்பது தள்ளலிலிருந்து இழுப்பைக் கழித்து மிஞ்சுவது. இழுப்பைக் கூட்டினால் மிஞ்சுவது குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பனி ஸ்பிரிங்கில் ஷூ 3,000 சுற்றில் விரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளும் விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஸ்பிரிங்கின் இழுவையை இரண்டு மடங்காக்கினால் ஷூ 4,240 சுற்றில்தான் விரியும். இப்போது இரண்டு வண்டியும் 5,500 சுற்றில் இழுக்கின்றன. கம்பனி ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஷூ பெல்லை 100 பங்கு விசையோடு அமர்த்துகிறது என்றால், ஹெவி ஸ்பிரிங் வண்டியில் அமர்த்துவது சுமார் 58 பங்கு. பிடி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இழுப்பு அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் கிளச் நழுவுகிறது.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. எஞ்சின் ஒரே சுற்றில் நிற்க, கிளச் வழுக்கி வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும்போது, வண்டி பெறுகிற இயக்கச் சக்தியின் அளவு சக்தி கிளச்சில் சூடாகிறது. வழுக்கல் முடியும் வேகம் 1.4 மடங்கு உயர்ந்தால் அந்தச் சக்தி இரண்டு மடங்கு. ஒவ்வொரு புறப்பாட்டிலும் இரண்டு மடங்கு சூடு. ட்ராக் ரேஸ் காரில் இந்தச் சூட்டை எண்ணெய் ஏந்திக்கொண்டு கூலருக்குப் போகிறது. ஓட்டம் முடிந்ததும் காரை நிறுத்தி ஆறவிடுகிறார்கள். டியோவில் பெல்ட் கவருக்குள் வீசும் காற்று மட்டும்தான். அந்தக் காற்றும் கடற்கரை வீதியில் மணலோடு வருகிறது.

கல்முனை பஸாருக்குள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஏ4 வீதியில் ஸ்கூட்டர் எப்படி ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். பத்து மீற்றர் உருளும், நிற்கும், மறுபடி உருளும். பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை, கால் வைக்கும் இடத்தில் அரிசிப் பை. இந்த ஓட்டத்தில் கடும் ஸ்பிரிங் உள்ள கிளச் முழுதாகப் பிடிக்கவே மாட்டாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். "ரெண்டு பேர் ஏறினால் இழுக்குதில்லை, அதுக்குத்தான் ஸ்பிரிங்" என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பாரம் கூடினால் கிளச் வழுக்கும் நேரமும் கூடும். பாரம் கூடிய வண்டிக்குக் குறைந்த வழுக்கல் வேண்டும்.

இப்படி ஓடிய வண்டியின் கவரைக் கழற்றினால் முதலில் தெரிவது கறுப்புத் தூள். எல்லா மூலையிலும் அப்பிக்கிடக்கும். பெல்லின் வெளிப்புறத்தில் நீலமும் ஊதாவும் கலந்த வளையம் ஓடும். இரும்பு அளவுக்கு மீறிச் சுட்ட இடம் அது. ஷூவின் லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கும், நகத்தால் கீறினால் நகம் வழுக்கும். அந்த மினுக்கம் வந்த பிறகு எந்த ஸ்பிரிங் போட்டாலும் பிடி கிடையாது. புறப்படும்போது வண்டி நடுங்கும். நடுக்கத்தைப் பார்த்து "இன்னும் ஹெவியாகப் போடு" என்று ஆலோசனை சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நோயைக் கொடுத்த மருந்தையே மீண்டும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

4. ரோலரின் வேலையை ஸ்பிரிங்கிடம் கேட்கலாமா?

"பிக்கப் இல்லை" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எங்கே இல்லை? நின்ற இடத்திலிருந்து முதல் நாலைந்து மீற்றரிலா, அல்லது 30இலிருந்து 50க்கு ஏறும்போதா? பெரும்பாலானவர்கள் குறை சொல்வது இரண்டாவதைத்தான். முன்னே போகும் பஸ்ஸை முந்த முடியவில்லை என்பதுதான் முறைப்பாடு. அந்த நேரத்தில் கிளச் பிடித்து முடிந்துவிட்டது, சிறிய ஸ்பிரிங்குக்கு அங்கே வேலையே இல்லை. ஓடும்போது எஞ்சின் எந்தச் சுற்றில் நிற்கும் என்பதை ரோலரின் எடையும், பின் கப்பியை நெருக்கும் பெரிய ஸ்பிரிங்கும், பெல்ட்டின் அகலமும் தீர்மானிக்கின்றன. ரோலர் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் வேரியேட்டர் வழுவழுவென்று நகராது, ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கித்தான் நகரும். பெல்ட் தேய்ந்து ஒடுங்கினால் தொடக்க விகிதமும் உச்ச விகிதமும் இரண்டும் கெடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது குறைவில்லை. நெதர்லாந்தில் ஹப் வான் டோர்ன் 1958இல் டாஃப் 600 காரில் வேரியோமேட்டிக் என்று கொண்டுவந்ததும் இதே பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பியும்தான். அதில் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்பது அன்றிலிருந்தே தெளிவு. ரோலர், பெரிய ஸ்பிரிங், கிளச் ஸ்பிரிங் என்று மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்யும் மூன்று பொருள்களை 'செட்டப்' என்ற ஒரே சொல்லுக்குள் திணித்து ஒரே பையில் விற்பதால்தான் இந்தக் குழப்பம் ஊர் முழுக்கப் பரவியது.

இன்னொன்று, நம்முடைய ஊர் தட்டை. பதுளையிலோ நுவரெலியாவிலோ நின்று ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புகிறவர் கொஞ்சம் உயர்ந்த சுற்றில் இழுப்பு வேண்டும் என்று கேட்டால், இலகுவான ரோலரைப் பற்றி அவரோடு பேசலாம். நிந்தவூரிலிருந்து ஒலுவிலுக்குப் போகிறவருக்கு ஏற வேண்டிய ஏற்றம் எது?

5. "போட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் இழுக்குது."

பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் மாற்றக் கவரைத் திறந்த பாஸ் என்னவெல்லாம் செய்தார்? ஷூவை அரத்தாளால் தேய்த்து மினுக்கத்தை எடுத்தார். பெல்லைத் துடைத்தார். தட்டையான ரோலரைக் கண்டு புதிது போட்டார். பெல்ட்டில் வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றினார். எயார் ஃபில்டரைத் தட்டிப் போட்டார். ஐந்து வேலை நடந்தது, பெயர் மட்டும் ஸ்பிரிங்குக்குப் போனது. அதே நாளில் கம்பனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டிருந்தாலும் வண்டி நன்றாகத்தான் இழுத்திருக்கும்.

உடம்பு சொல்லும் சாட்சியும் இருக்கிறது. எஞ்சின் சத்தமாக ஏறுகிறது, வண்டி நிற்கிறது, பிறகு திடீரென்று ஒரு உந்து. சுழன்றுகொண்டிருந்த எஞ்சினில் சேர்ந்திருந்த சக்தி ஒரே தடவையில் இறங்குவதால் வரும் உந்து அது. முதுகு அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் த்ரோட்டிலை முறுக்கிக்கொண்டு காத்திருந்த நேரத்தை முதுகு கணக்கில் எடுப்பதில்லை. ட்ராக் ரேஸ்காரர்கள் முதுகை நம்புவதில்லை. முதல் 60 அடிக்கு எத்தனை வினாடி, கால் மைலுக்கு எத்தனை வினாடி என்று சீட்டில் அச்சடித்து வாங்கி, ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கம். நாம் எடுத்துக்கொண்டது பொருளை மட்டும்.

6. அந்த ஸ்கூட்டர் யாருடையது?

பையனுடையது என்று வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நம்முடைய ஊர்களில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஸ்கூட்டர். காலையில் அதில் ராத்தா பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறார், உம்மா பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார், அஸருக்குப் பிறகுதான் தம்பியின் கைக்கு வருகிறது. நம்முடைய பெண்கள் சொந்தக் கையால் வண்டி ஓட்டி வேலைக்குப் போவது சின்ன விசயமல்ல. கணவனுக்கோ ஓட்டோவுக்கோ காத்திராமல் போய்வர இந்த இலகுவான வண்டிதான் வழி செய்தது. கியர் இல்லை, கிளச் பிடிக்கத் தேவையில்லை, த்ரோட்டிலை மெதுவாகத் திருப்பினால் மெதுவாகப் போகும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அதில் ஏறினார்கள்.

ஹெவி ஸ்பிரிங் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. மெதுவாகத் திருப்பினால் வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் அசையாது. பிறகு எதிர்பாராமல் பாயும். பிரதான வீதியில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 'யூ' திருப்பம் எடுக்கிற ஒருவருக்கு, முன்னால் பிள்ளை நிற்கிற நேரத்தில், அந்தப் பாய்ச்சல் எப்படி முடியும்? தம்பி ராத்தாவிடம் சொல்லாமலே மாற்றிவைத்த பொருள் அது.

இதைப் பற்றி யாரும் பேசாத இன்னொரு பக்கம் உண்டு. உயர்ந்த சுற்றில் பிடிக்கிற கிளச் உயர்ந்த சுற்றிலேயே விட்டும் விடும். த்ரோட்டிலை மூடியதும் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சிறு உதவி கம்பனி ஸ்பிரிங்கில் நீண்ட நேரம் இருக்கும். ஹெவி ஸ்பிரிங்கில் சீக்கிரமே அறுந்துபோகும். வண்டி தானாக உருளும், பிரேக் ஒன்றுதான் மிஞ்சும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீரைக் கடந்து வந்த வண்டியின் பிரேக்கை யோசித்துக்கொள்ளுங்கள்.

7. செலவு.

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த நாட்களில் த்ரோட்டிலைத் தேவையில்லாமல் முறுக்கிய ஒருவரையும் ஊரில் காண முடியவில்லை. சுற்று ஏறினால் பெற்றோல் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஓடிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. எரிந்த பெல்லுக்கும் ஷூவுக்கும் பதில் அசல் சாமான் தேடி அலைகிறவரிடம் கேட்டால் ஸ்பிரிங்கின் உண்மையான விலை என்னவென்று சொல்வார்.

ஹெவி ஸ்பிரிங்குக்கு இடமே இல்லையா? இருக்கிறது. சிலிண்டரைப் பெரிதாக்கி, கேமை மாற்றி, சைலன்சரை மாற்றி, முறுக்கு விசையின் உச்சத்தையே 7,000க்கு மேலே தள்ளிவைத்த எஞ்சினுக்கு அது தேவைப்படும். அந்த வண்டி மூடிய மைதானத்தில் மட்டும் ஓடும். அதை ஓட்டுகிறவர் கிளச் லைனிங்கை அடிக்கடி மாற்றும் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர். அவருக்கும் கிளச் கடைசித் தெரிவுதான். எஞ்சின், எடை, டயர், ரோலர் எல்லாம் முடிவான பிறகு அவற்றுக்குப் பொருத்தமாக ஸ்பிரிங்கைத் தேடுகிறார். நம்முடைய கராஜில் எதையும் தொடாத எஞ்சினுக்கு முதல் வேலையாகவே ஸ்பிரிங் போடுகிறார்கள்.

பாஸ்மாருக்கு மரியாதையோடு ஒரு வேண்டுகோள். பிக்கப் இல்லை என்று வரும் வண்டிக்கு டயரின் காற்று, எயார் ஃபில்டர், பெல்ட்டின் அகலம், ரோலரின் தட்டை, ஷூவின் லைனிங் என்ற வரிசையில் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் குறை இருந்தால் பிறகு பேசலாம். தம்பி பிடிவாதமாக ஹெவி ஸ்பிரிங்தான் வேண்டும் என்று நின்றால் மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள். மாற்றும் முன்னும் பின்னும் ஒரே ஆள், ஒரே வெறுமையான மைதானம், கைப்பேசியில் வினாடி. கழற்றிய கம்பனி ஸ்பிரிங் மூன்றையும் ஒரு பையில் போட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைப் பில்லில் தெளிவாக எழுதுங்கள், அந்த வண்டியை நாளைக் காலையில் ஓட்டப் போகிறவரும் வாசிக்கட்டும்.